காத்தலும் காத்திருத்தலும்

றொபேட் பேர்சிக்கின் 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்ற அமெரிக்க நூல் 1974இல் வெளிவந்தது. 121 பதிப்பகங்கள் கைவிரித்த பின்பே அச்சேறியது என்ற கதையோடு சேர்த்தே அது எப்போதும் அறிமுகப்படுத்தப்படுகிறது. 1968 கோடையில் பேர்சிக் தன் பதினொரு வயது மகன் கிறிஸ்ஸைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மினியாப்பொலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஓட்டிச்சென்ற வண்டி, 1966ஆம் ஆண்டின் ஹொண்டா சுப்பர் ஹோக், 305 சி.சி. அந்த வண்டியை 2019இல் வாஷிங்டனிலுள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. நூலுக்கு ஐம்பது வயதான 2024இல் அதைக் காட்சிக்கும் வைத்தது. எண்ணெய் மாற்றுவதையும் வால்வு இடைவெளி சரிபார்ப்பதையும் தியானத்துக்கு நிகராக எழுதிய ஒருவரின் வண்டிக்கு இனி அந்த இரண்டும் தேவையில்லை. பேர்சிக் 2017இல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்பதை நூலை வாசித்தவர்கள் ஊகிக்கலாம்.

நாம் இந்நூலை ஜேர்மனியில் இருந்துகொண்டு வாசிக்கிறோம். அது சில வேறுபாடுகளை உண்டாக்குகிறது. முதலாவது தலைப்பிலேயே இருக்கிறது. ஜேர்மன் மொழிபெயர்ப்பில் 'பராமரித்தல்' என்பதற்கு 'வார்ட்டன்' என்ற வினைச்சொல் வருகிறது. எம்மில் பலர் இந்த மண்ணில் கற்ற முதற் சொற்களில் ஒன்று அது. அகதி முகாமில், வெளிநாட்டவர் அலுவலகத்து வாசலில், வைத்தியரின் வரவேற்பறையில் எமக்குச் சொல்லப்பட்டது இதுதான்: 'பிற்ற வார்ட்டன்', தயவுசெய்து காத்திருங்கள். அதே சொல்லுக்கு இயந்திரத்தைக் கவனித்துப் பேணுதல் என்ற பொருளும் உண்டென்று எமக்கு வெகு காலத்தின் பின்னரே தெரியவந்தது. தமிழிலும் இப்படித்தான். காத்தல் என்றால் பேணுதல், காத்திருத்தல் என்றால் எதிர்பார்த்திருத்தல். வேர் ஒன்றுதான். இரண்டு மொழிகளிலும் ஒரே முடிச்சு விழுந்திருப்பதை மொழியியலாளர்கள் விளக்கட்டும். எமக்கு இந்த நூலுக்குள் நுழைய இது வசதியான கதவு.

ஜேர்மனியில் சித்திரை மாதம் வந்து வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துத் தெருக்களில் பழைய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். இங்கே அவற்றுக்கு 'ஓல்ட்டைமர்' என்று பெயர். 1997இலிருந்து இவற்றுக்குத் தனி இலக்கத்தகடு உண்டு. இலக்கத்தின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து வரும். வண்டி முதன்முதலாகத் தெருவுக்கு வந்து குறைந்தது 30 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலும் தன் மூலநிலையில், நல்ல பராமரிப்பில் இருப்பதாக ஒரு நிபுணர் சான்று தரவேண்டும். அப்படித் தந்தால் அது பண்பாட்டுச் சொத்து. எத்தனை பெரிய என்ஜினாக இருந்தாலும் மோட்டார் சைக்கிளுக்கு வருடவரி 46 யூரோ 2 சதம்தான். (முப்பது ஆண்டுகள் இந்த நாட்டில் ஓடியபின் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றுக்கொள்ளப்படுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.)

அந்த ஞாயிறு வரிசையில் மதிப்போடு பார்க்கப்படும் வண்டிகளில் ஒன்று பீ.எம்.டபிள்யூ ஆர் 60/2. 1960இலிருந்து 1969 வரை மியூனிச்சில் செய்யப்பட்டது. 594 சி.சி., 30 குதிரைவலு. இரண்டு சிலிண்டர்கள் இருபுறமும் கைவிரித்தாற்போல் படுத்திருக்கும். செயின் கிடையாது, சில்லைச் சுழற்றுவது ஒரு தண்டு. கறுப்பு எனாமல், அதன்மேல் கையால் இழுத்த வெள்ளைக் கோடு. நின்ற இடத்தில் என்ஜினைத் திருகினால் வண்டி முழுவதும் ஒரு பக்கமாய் மெல்லச் சாய்ந்து நிமிரும். அழகான இயந்திரம்தான், அதை மறுக்க எமக்கு விருப்பமில்லை. துருப்பிடித்த கூடாக வாங்கி, ஒவ்வொரு ஆணியையும் கழற்றி, என்ஜின் இலக்கமும் சட்ட இலக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, சரியான கறுப்பையும் சரியான தடிப்புள்ள வெள்ளைக் கோட்டையும் தேடி வருடக்கணக்கில் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களது கைப்பழக்கம் உண்மையானது. ஒரு கோட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுக்கத் தெரிந்தவரை யாரும் குறைத்துப் பேசமுடியாது.

ஆனால் அந்த உழைப்பு எதை நோக்கிப் போகிறது? வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அந்த ஒரு நாளை நோக்கி. அதற்குப் பிறகு அந்த வண்டி கண்ட நாற்பது ஐம்பது ஆண்டுகளும் உரசித் துடைக்கப்படவேண்டிய அழுக்கு. 1849இல் ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின் பழைய கட்டடங்களைப் 'புதுப்பிப்பது' பற்றிச் சொன்னதன் சாரமும் இதுதான்: அது அழித்தலின் மிக மோசமான வடிவம், நாளாந்தம் ஒழுங்காகக் கவனித்திருந்தால் புதுப்பிக்கவேண்டிய தேவையே வந்திராது. பராமரிப்பும் புதுப்பித்தலும் ஒன்றின் இரு அளவுகள் அல்ல என்பதை அவர் கண்டிருந்தார். முதலாவது நடைமுறை காலத்தோடு சேர்ந்து போகிறது, இரண்டாவது காலத்தைப் பின்னுக்குத் தள்ளப்பார்க்கிறது.

'அப்படியானால் கீறலோடும் துருவோடும் அப்படியே விட்டுவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கட்சியும் பழைய வண்டி உலகில் இருக்கிறது. சந்தை அதையும் விழுங்கிவிட்டது. 1907ஆம் ஆண்டின் ஹார்லி டேவிட்சன் ஒன்று, கைவைக்கப்படாத மூலநிலைக்காகவே, 2015இல் அமெரிக்க ஏலத்தில் 715,000 டொலருக்குப் போனது. அதே வகையில் 1908ஆம் ஆண்டின் இன்னொன்று, புதுப்பிக்கப்பட்டது, 2023இல் லாஸ் வேகாஸில் 935,000 டொலருக்குப் போனது. துருவுக்கும் விலை, துருவைத் துடைத்ததற்கும் விலை. பண்டம் தன்னைச் செய்த கைகளை மறைத்துக்கொள்ளும் என்று மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிடப் பளபளப்பான உதாரணம் தேடவேண்டியதில்லை.

இனி நூலுக்கு வருவோம். பேர்சிக்கோடு பயணத்தின் முதற்பாதியில் கூடவே போகிறவர்கள் ஜோன், சில்வியா என்ற தம்பதி. ஜோன் ஓட்டுவது, அப்போது ஏறக்குறையப் புத்தம்புதிதான, இதே ஆர் 60. அதன் ஹாண்டில் பிடிக்குள் வழுக்கத் தொடங்குகிறது. பேர்சிக்கின் யோசனை எளிமையானது: ஒரு பியர் ரின்னை வெட்டி, அந்த மெல்லிய அலுமினியத் தகட்டை இடையில் செருகினால் சரி. எங்கள் ஊர்க் கராஜ்களில் இதற்குப் 'பக்கிங் வைக்கிறது' என்று பெயர், எந்தச் சின்னப் பொடியனும் செய்வான். ஜோனுக்கோ இது அவமானம். ஆயிரத்தெண்ணூறு டொலர் பெறுமதியான ஜேர்மன் வண்டிக்குப் பியர் ரின்னா! இருவருக்கும் இடையில் ஏதோ முறிந்துபோகிறது. ஜோன் பார்ப்பது தகட்டின் தோற்றத்தை, தான் பார்ப்பது அதன் வேலையை என்று பேர்சிக் பிறகு விளங்கிக்கொள்கிறார். நூலின் முழுத் தத்துவக் கட்டடமும் இந்தப் பியர் ரின்னின் மேல்தான் எழுகிறது.

அதே ஆர் 60 இன்று புதுப்பிக்கப்பட்டு 'எச்' தகட்டோடு ஞாயிறு வரிசையில் நிற்கிறது. பியர் ரின் வைத்தவனை இன்று அதன் சொந்தக்காரர் வளவுக்குள் விடமாட்டார். ஐம்பது ஆண்டுப் போட்டியில் ஜோன் வென்றுவிட்டார் என்றே சொல்லவேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பேர்சிக்கின் நூலைத் தங்கள் வேதமாகச் சொல்லும்போது எமக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். அவர்கள் கையில் வைத்திருப்பது பேர்சிக்கின் நூல், மனதில் வைத்திருப்பது ஜோனின் வண்டி.

அந்த அத்தியாயத்தில் ஒரு பகிடி வருகிறது. அமெரிக்க வாசகர்கள் அதைக் கடந்து போயிருப்பார்கள், நாம் தடுக்கி நின்றோம். தான் கெட்டித்தனமாக நடந்திருக்கலாம் என்று பேர்சிக் எண்ணிப் பார்க்கிறார். தகட்டை இரகசியமாக வெட்டி, எழுத்தை அழித்து, இது ஜேர்மனியிலிருந்து விசேடமாக வந்தது, குருப் பிரபுவின் சொந்தச் சேமிப்பு என்று சொல்லியிருந்தால் ஜோன் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பார் என்கிறார். குருப் நிறுவனத்தின் தலைவர் அல்பிறீட் குருப் 1948இல் நியூரம்பேர்க்கில் அடிமை உழைப்புக்காகவும் கொள்ளைக்காகவும் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். 1951இலேயே விடுதலையானார், சொத்தும் திரும்பக் கிடைத்தது. பீ.எம்.டபிள்யூவின் விமான என்ஜின் ஆலைகளிலும் போர்க்காலத்தில் டாஹவ் வதைமுகாம் கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள். அந்த நிறுவனமே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'ஜேர்மன் வேலைப்பாடு' என்று பெருமூச்சு விடுகிற ஒவ்வொருவரும் இதை நினைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் ஒரு வண்டியை அதன் பிறந்த நாளுக்குத் திருப்பி அனுப்புகிறவர், அந்த நாளில் தொழிற்சாலையில் யார் யார் நின்றார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே வாங்குகிறார். கண்காட்சிகளில் ராணுவ நிறம் பூசி நிறுத்தப்படும் போர்க்கால ஆர் 75 பக்கப்பெட்டி வண்டிகளின் முன்னால் படமெடுத்துக்கொள்கிறவர்களிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை.

பேர்சிக்கின் பலம் வேறிடத்தில். தன் வண்டியைத் திருத்தக் கொடுத்த கராஜைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களை நாம் திரும்பத் திரும்ப வாசித்தோம். வானொலி அலறுகிறது, இளைஞர்கள் சிரித்துக்கொண்டே அடித்துக் கழற்றுகிறார்கள், வண்டி முன்னிருந்ததைவிட மோசமாகத் திரும்பி வருகிறது. பழுதுக்குக் காரணம் 25 சதப் பெறுமதியான ஒரு ஊசியாணி. அந்த இளைஞர்கள் கெட்டவர்களல்ல, அவர்கள் தங்கள் வேலைக்கே பார்வையாளர்களாக இருந்தார்கள் என்பது அவரது தீர்ப்பு. அந்நியமாதல் என்று பெரிய சொல்லால் நாம் எழுதித் தள்ளியதை அவர் ஒரு ஸ்பனரின் சத்தத்தில் காட்டிவிடுகிறார். இன்னோரிடத்தில், தலை தேய்ந்து கழற்ற வராத ஒரு திருகாணியின் முன் அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் அந்த மலிவான ஆணியின் பெறுமதி முழு வண்டியின் விலைக்குச் சமம், ஏனென்றால் அது கழலும்வரை வண்டி வண்டியல்ல. ஏலக்கடைப் பெறுமதிக்கும் இந்தப் பெறுமதிக்கும் இடையிலான தூரத்தைத்தான் அவர் 'குவாலிற்றி' என்ற ஒற்றைச் சொல்லால் அளக்கப் பார்க்கிறார். தமிழில் அதைத் 'தரம்' என்று பெயர்த்தால் எமது வாசகர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எழுபதுகளின் தரப்படுத்தலாகத்தான் இருக்கும். வேறு சொல் எமக்கு அகப்படவில்லை.

இந்த இடத்தில் எம்மவர் ஒருவர் கையைத் தூக்குவார்: 'உதெல்லாம் நாங்கள் செய்து காட்டினதுதானே!' உண்மைதான். 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் ஏ 40 காரும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். தெருவெல்லாம் வெள்ளைப் புகை. உதிரிப்பாகம் என்பது இன்னொரு வண்டியின் பிணத்திலிருந்து வருவது. பக்கிங் இல்லாத வண்டி இல்லை. அங்கே யாரும் எந்த வண்டியையும் புதுப்பிக்கவில்லை, யாரும் அதைத் தத்துவம் என்றும் எழுதவில்லை. பேர்சிக்கின் பியர் ரின் தேர்ந்தெடுக்கப்பட்ட எளிமை. அங்கே தேர்வு இருக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமைப்படுவது இரண்டுக்குமே அநியாயம்.

இதைவிட எமக்குக் கவலை தருவது, அந்த மண்ணெண்ணெய் வண்டியையே நாம் இப்போது ஓல்ட்டைமர் ஆக்கிக்கொண்டிருப்பது. புலம்பெயர் சஞ்சிகைகளிலும் மலர்களிலும் வரும் ஊர் நினைவுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் மெருகேற்றப்பட்டு, நெளிவெடுக்கப்பட்டு, புதிதாகக் கோடு இழுக்கப்பட்டு நிற்கிறது. அப்பாவின் பழைய பி.எஸ்.ஏ. வருகிறது, படலை வருகிறது, பனங்காய்ப் பணியாரம் வருகிறது. அந்த பி.எஸ்.ஏ. போன ஒழுங்கையில் யார் இறங்கி ஒதுங்கி நின்றார்கள், யார் வீட்டு முற்றம்வரை அது போகும், யார் வீட்டுப் படலையோடு நின்றுவிடும் என்பது வருவதில்லை. எண்பதுகளில் எம்.டி. 90 சத்தம் கேட்டால் வீட்டில் இளம் பிள்ளை வைத்திருந்த தாய்மார் ஏன் விளக்கைத் தணித்தார்கள் என்பதும் வருவதில்லை. ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்யப்பட்ட அந்தச் சிறிய வண்டி எம்மிடம் வந்து என்னென்ன கடிதங்களைக் கொண்டுபோனது என்று எழுதுவதற்கு இன்னும் ஒருவர் வரவேண்டியிருக்கிறது. மூலநிலை என்று நாம் சான்று கொடுப்பது எந்த நாளின் நிலைக்கு? 1983க்கு முந்திய ஒரு நாளைத்தான் பலரும் குறித்துவைத்திருக்கிறார்கள். அந்த நாளிலும் அந்த வண்டியில் எண்ணெய் ஒழுகியது.

பேர்சிக்குக்கும் எம் பக்கத்து உலகோடு தொடர்புண்டு. அவர் ஐம்பதுகளில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். உலகம் மாயை என்று விரிவுரையாளர் விளக்கியபோது, ஹிரோஷிமாவில் விழுந்த குண்டும் மாயையா என்று கேட்கிறார். ஆம் என்று புன்னகையோடு பதில் வருகிறது. எழுந்து போய்விடுகிறார், இந்தியாவை விட்டே போய்விடுகிறார். எந்தக் குண்டையும் மாயை என்று கேட்க முடியாத எமக்கு, நூலில் மிக நெருக்கமான பக்கம் அதுதான். பிற்பகுதியில் 'தென்னிந்தியக் குரங்குப் பொறி' ஒன்றும் வருகிறது: குடைந்த தேங்காய்க்குள் அரிசி, கைவிட்ட குரங்கு பிடியைத் தளர்த்தாததால் மாட்டிக்கொள்கிறது. தேங்காயை அப்படிப் பயன்படுத்துவதை நாம் கண்டதில்லை. உவமை நல்லதுதான், ஆனால் அவர் தன் கைக்குள் இருந்த அரிசியை அந்த இடத்தில் பார்க்கவில்லை.

தெருவைப் பற்றி அவர் எழுதும்போது எமக்குப் பொறாமை வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட பயணம், இத்தனை மாநில எல்லைகள், ஒருவரும் மறித்து அடையாளப் பத்திரம் கேட்கவில்லை. நாம் இங்கு வந்தபோது 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அகதி விண்ணப்பதாரர் தன் மாவட்டத்தைவிட்டு வெளியேற அனுமதிக் கடிதம் எடுக்கவேண்டும். அடுத்த நகரத்திலிருக்கும் மச்சானைப் பார்க்கப் போவது குற்றம். (2015இல் அது பெருமளவு தளர்த்தப்பட்டது, முற்றாக ஒழியவில்லை.) அந்த நாட்களில் முகாம் சன்னலில் நின்று ஞாயிறு வரிசையைப் பார்த்தவர்கள் எம்மில் பலர். வண்டிகள் மாவட்ட எல்லைப் பலகையைத் தாண்டிச் சத்தம் குறைந்து மறையும்வரை பார்த்திருக்கிறோம்.

நூலின் ஆகப்பெரிய குறையும், அதனாலேயே அதன் உண்மையும், பின்னிருக்கையில் இருக்கிறது. பேர்சிக் என்ஜினின் குரலில் மிகச் சிறிய மாற்றத்தையும் கேட்கிறார். மகனின் குரல் அவருக்குக் கேட்பதில்லை. கிறிஸ்ஸுக்கு அடிக்கடி வயிற்றுவலி, வைத்தியர்களால் உடலில் காரணம் காணமுடியவில்லை, மனநோயின் தொடக்கமாயிருக்கலாம் என்கிறார்கள். தந்தையும் ஒருகாலத்தில் மனநோய் விடுதியில் மின்அதிர்ச்சி கொடுக்கப்பட்டவர். அந்தப் பழைய தந்தை எங்கே போனார் என்று பையன் தேடிக்கொண்டிருக்கிறான், இவரோ நானூறு பக்கத்துக்குக் கிரேக்கர்களைப் பற்றி நினைத்துக்கொண்டு வண்டியோட்டுகிறார். ஓரிடத்தில் அவனை பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடவும் நினைக்கிறார். கடைசியில்தான் பையன் கேட்கிறான், உண்மையிலேயே உங்களுக்குப் பைத்தியமா என்று. இல்லை என்கிறார். அதன்பின் தலைக்கவசங்களைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். கிறிஸ் கால்தாங்கியில் எழுந்து நின்று முதன்முறையாகத் தந்தையின் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்க்கிறான். இத்தனை நாளும் அவன் பார்த்தது ஒரு முதுகை மட்டும் என்பது அந்த இடத்தில்தான் வாசகருக்கு உறைக்கிறது.

1979இல், 22 வயதில், சான் பிரான்சிஸ்கோ தெருவில் வழிப்பறிக்காரர்களால் கிறிஸ் கொல்லப்பட்டான். பிந்திய பதிப்புகளில் பேர்சிக் சேர்த்த பின்னுரை அதைப் பற்றியது. முன்னுரைகளைத் தாண்டிப்போகிறவர்கள்கூட அந்தச் சில பக்கங்களைத் தவறவிடக்கூடாது.

எமது வீடுகளில் நிலைமை பெரிதும் வேறல்ல. காலையில் ஒரு வேலை, இரவில் உணவகச் சமையலறையில் இன்னொன்று, ஊருக்குக் காசு, சீட்டுக்காசு. இவற்றை ஒரு பிசகுமில்லாமல் பராமரித்த தகப்பன்மார் பலரை நாம் அறிவோம். அவர்களது பிள்ளைகளுக்கு இப்போது முப்பது நாற்பது வயது. அவர்களில் சிலரோடு இந்நூலைப் பற்றிப் பேசியபோது ஒருவரும் பியர் ரின்னைப் பற்றியோ குவாலிற்றியைப் பற்றியோ பேசவில்லை. எல்லோரும் பையனைப் பற்றித்தான் பேசினார்கள்.

தமிழில் இதை வாசிக்க விரும்பினால் எதைத் தொடுவது என்று கேட்டவர்களுக்கு எம்மிடம் பதில் இல்லை. ஜேர்மன், ஆங்கிலப் பதிப்புகள் நூலகங்களில் கிடைக்கும். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அரிஸ்டோட்டிலோடு மல்லுக்கட்டும் அத்தியாயங்கள் இழுவை. அவற்றை விரைந்து புரட்டலாம், நாமும் இரண்டாம் வாசிப்பில் அப்படித்தான் செய்தோம். கராஜ் வருவது இரண்டாம் அத்தியாயத்தில், திருகாணி வருவது பிற்பாதியில். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் நூலை முதலில் அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கி வாசியுங்கள். அவர்கள் ஓரத்தில் எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.